நிரப்பிவிட்டுப் பூட்டலாமா?

தரவுத்தள அட்டவணையில் பயன்பாட்டில் இருக்கும் ஒரு நெடுவரிசைக்கு 'நாட் நல்' கட்டுப்பாடு விதிப்பதைப் பெரும்பாலும் சீர்திருத்தமாகவே பார்க்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. எஸ்கியூஎல் தரநிலையில் 'நல்' என்பது பூஜ்யமும் அல்ல, வெற்றுச் சரமும் அல்ல. மதிப்பு இல்லை என்பதற்கான குறி. அதோடு எதை ஒப்பிட்டாலும் உண்மை, பொய் என்ற இரண்டுக்கும் வெளியே 'தெரியாது' என்றே விடை வரும். 'நாட் இன்' வினவலின் உள்பட்டியலில் ஒரே ஒரு 'நல்' புகுந்தால் போதும், ஒரு பதிவுகூடத் திரும்பாது; பிழைச்செய்தியும் எழாது. இத்தகைய பிழைகளை ஒவ்வொரு நிரலிலும் தேடிப் பிடிப்பதைவிடத் தரவுத்தளமே ஒரே இடத்தில் தடுப்பது மேல்.

சிக்கல், கட்டுப்பாட்டை விதிக்கும் கட்டளைக்கு முந்தைய படியில் இருக்கிறது. ஏற்கெனவே 'நல்' இருந்தால் கட்டுப்பாடு ஏறாது. ஆகவே 0 அல்லது 1900 ஜனவரி 1 என எதையாவது நிரப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஐந்து மாணவர்களில் மூவரின் மதிப்பெண் 60, 70, 80, இருவருடையது பதிவாகவில்லை. இப்போது சராசரி 70. அந்த இருவருக்கும் 0 போட்டால் 42. தேர்வே எழுதாதவரும் பூஜ்யம் வாங்கியவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். 70-உம் முழு உண்மை இல்லையே என்று கேட்கலாம். ஆனால் மொத்தப் பதிவுகளையும் மதிப்புள்ள பதிவுகளையும் தனித்தனியே எண்ணினால் இருவர் விடுபட்டது தெரிந்துவிடும். நிரப்பிய பிறகு அந்தத் தடயமும் அழிகிறது.

கட்டுப்பாடு விதிக்கும்போது பெரிய அட்டவணையில் பூட்டு விழுந்து சேவை நின்றுவிடும் என்பது மற்றொரு அச்சம். அது நியாயமானது, ஆனால் தீர்வுள்ளது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் முதலில் 'நல்' கூடாது என்னும், பழைய பதிவுகளைச் சரிபார்க்காத 'செக்' கட்டுப்பாடு ஒன்றைச் சேர்த்து, எழுதுவதைத் தடுக்காமல் பின்னர் சரிபார்க்கலாம். 12-ஆம் பதிப்பு முதல் 'செட் நாட் நல்' அதையே சான்றாக ஏற்று, முழு அட்டவணையையும் மறுபடி வாசிப்பதைத் தவிர்க்கிறது. பொய்யான மதிப்பை நிரப்பிய தவறுக்கு அப்படி எந்தக் கட்டளையும் உதவாது.

தொடர்புசார் தரவு மாதிரியை உருவாக்கிய எட்கர் காட் 1979-இல் 'நல்'லை அந்த மாதிரியில் விரிவாக வகுத்தார், அத்துறை நூலாசிரியர் சி. ஜே. டேட் அதை விடாமல் எதிர்த்தார். மதிப்பு இல்லாமலும் போகக்கூடிய தகவலைத் தனி அட்டவணைக்குப் பிரித்துவிடலாம் என்பது எதிர்ப்பாளர்கள் காட்டும் வழி. இணைத்து வாசிக்கும்போது 'நல்' திரும்பவும் தலைகாட்டலாம் என்றாலும், சேமித்த தரவில் பொய் கலக்காது. ஆகவே விடுபட்ட மதிப்பை மூல ஆவணத்திலிருந்து மீட்க முடிந்தால் மீட்டுவிட்டுக் கட்டுப்பாடு விதிக்கலாம். முடியாதபோது அந்த நெடுவரிசை 'நல்'லை ஏற்பதே நேர்மை.