லயன் அறையில் ஓர் ஒலிக்கூடம்

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களின் லயன் அறை, அதாவது ஒரே தகரக் கூரையின்கீழ் வரிசையாக அமைந்த, பழைய கணக்கில் 10க்கு 12 அடியே கொண்ட குடியிருப்பு, ஒலிப்பதிவுக்கு ஏற்றதன்று என எண்ணுவது இயல்பே. ஆயினும் ஒரு கணினி, ஒலிவாங்கியின் மின்னலையை எண்களாக மாற்றும் ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை மூடும் ஹெட்ஃபோன் ஆகியவற்றோடு தொடக்கநிலை ஒலிக்கூடம் அங்கேயே அமைந்துவிடுகிறது. கண்டென்சர் ஒலிவாங்கி கூரை மழையையும் அடுத்த வீட்டுப் பேச்சையும் நுணுக்கமாகப் பிடித்துவிடுவதால், உணர்திறன் குறைந்த, வாயருகே வைத்துப் பாடத்தக்க டைனமிக் வகையே இவ்விடத்திற்கு உகந்தது. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால் நேரடி ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் உயர்கிறது. ஆகவே கருவியின் விலையைவிட அதை வைக்கும் இடமே பெரிது. சுவரில் தொங்கும் தடித்த கம்பளி எதிரொலியின் கூர்மையைத் தணிக்கும்.

ஒலிப்பதிவுக் கலையின் உண்மையான சோதனை தப்பு என்னும் தோற்கருவி. விடியலில் தொழிலாளரைப் பெரட்டுக்கு, அதாவது வேலைப் பகிர்வுக்கு, அழைத்ததும் காமன் கூத்தில் முழங்குவதுமான இத்தோற்கருவி மலைநாட்டின் ஈரக்காற்றில் தளர்ந்து, தீயில் காய்ச்சியதும் முறுக்கேறுவதால், அந்தச் சூடு ஆறுமுன் பதிவு நிகழவேண்டும். அதன் அடி திடீரென உச்சத்திற்கு எழுவதால், ஒலியளவை உச்சவரம்புக்கு 12 டெசிபல் அளவு கீழே வைத்து 24 பிட்டில் பதிவதே முறை. அவ்வாறு பதிவான தப்பில் தோலின் அதிர்வும் குச்சியின் கூர்மையும் தனித்தனியே கேட்பது அரிய இன்பம்.

மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களை எழுத்தில் தொகுத்தார். ஆனால் எழுத்து ஒலியைக் காக்காது; ஆகவே புதிதாய் ஒலிக்கூடம் அமைக்கும் இளைஞர்கள் தம் முதல் ஒலிவாங்கியை அப்பாடல்களை அறிந்த முதியோர் முன் வைக்கவேண்டும்.