கமரா எங்கே நிற்கிறது?

கண்டியில் ஒரு ஹோட்டலோ கடைத்தொகுதியோ எழும்பும் முன்பே அதன் படம் வந்துவிடுகிறது. புகைப்படம் போலத் தோன்றினாலும் அது கணினிக்குள் கட்டிய முப்பரிமாண மாதிரி. மாதிரிக்குள் ஒரு மெய்நிகர் கமராவை நிறுத்தி எடுத்த காட்சி. சுவரின் நிறம், சன்னலின் அளவு பற்றியெல்லாம் வாதாடும் நாம், அந்தக் கமரா எங்கே நின்றது என்று கேட்பதில்லை.

இந்தக் கமராவின் வசதிகளைக் குறைத்து மதிப்பிட முடியாது. கண்டியின் மகுல் மடுவ மண்டபத்தின் மரத்தூண்களை அருகில் நின்று அண்ணாந்து படமெடுத்தால், தூண்கள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாயும். மென்பொருளில் வில்லையை மட்டும் மேல்நோக்கி நகர்த்தினால் அவை நேராகவே நிற்கும். கமராவுக்கு மிக அருகில் உள்ளதை வெட்டி மறைக்கும் வசதியும் உண்டு. ஒடுங்கிய அறையைச் சுவருக்கு வெளியே நின்று முழுதாகப் பார்க்கலாம். எல்லாவற்றையும் விடப் பெரியது, இடம், உயரம், கோணம் அனைத்தும் எண்களாகப் பதிவாவது. அதே இடத்தில் மீண்டும் நின்று, கட்டுவதற்கு முன்னும் பின்னுமான தோற்றத்தை ஒப்பிட்டுக் காட்டலாம்.

குறையும் இந்த வசதிகள் தரும் சுதந்திரத்திலிருந்துதான் பிறக்கிறது. பிளெண்டர் மென்பொருள் புதிதாக வைக்கும் கமராவின் குவியத்தூரம் 50 மி.மீ.; 36 மி.மீ. அகல உணரியில் அது பக்கவாட்டில் சுமார் 40 பாகையைப் பார்க்கும். அதை 18 மி.மீ. ஆக்கினால் பார்வை 90 பாகையாக விரியும். கண்டி வாவியின் தென்கரையில் நின்று, தலதா மாளிகைக்கு அருகே வரவிருக்கும் ஒரு கட்டடத்தைக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. படத்தில் மூன்று அங்குலம் உயரும் கட்டடம், அதே அளவுத் தாளில் அச்சிட்ட 18 மி.மீ. படத்தில் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். பின்னணியில் உள்ள உடவத்தைக் காடும் அதே விகிதத்தில் சிறுப்பதால் கணக்கில் பிழை இல்லை. ஆனால் பார்ப்பவர் மனத்தில் 'இது பெரிய கட்டடம் இல்லை' என்ற முடிவு பதிந்துவிடுகிறது. கட்டடத்தை ஓங்கிக் காட்ட வேண்டுமானால், அதே வில்லையோடு அடியில் போய் நின்றால் போதும். பின்னால் உள்ள மலை தாழ்ந்துவிடும்.

பறவைக் கோணத்தைப் பற்றி வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. சமதள நகரில் மேலிருந்து எடுக்கும் காட்சி எந்த மனிதரின் கண்ணுக்கும் உரியதல்ல என்று தள்ளிவிடலாம். கண்டி அப்படியல்ல. மலைகள் சூழ்ந்த கிண்ணத்தில் இருக்கும் இந்நகரை ஆர்தர்ஸ் சீட், பஹிரவகந்த போன்ற மேடுகளிலிருந்து மக்கள் கீழ்நோக்கியே பார்க்கிறார்கள். இங்கே கூரையும் ஒரு முகப்புத்தான். தண்ணீர்த் தாங்கியும் தகரமும் பார்வைக்கு வரும். ஆகவே இங்கே மேலிருந்து பார்ப்பது தவறல்ல, யாரும் நிற்க முடியாத வெற்று வானில் கமராவைத் தொங்கவிடுவதே தவறு. மாதிரியும் உண்மையாக இருக்க வேண்டும்: மலைச் சரிவைச் சமதரையாக்கிய மாதிரியில் கமராவை எத்தனை நேர்மையாக வைத்தாலும் பயனில்லை.

1988 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள கண்டிக்குக் கமரா நிற்கும் இடம் வெறும் அழகியல் விவகாரமல்ல. ஜெர்மனியின் கொலோன் பேராலயம், ஆற்றின் மறுகரையில் திட்டமிட்ட உயர் கட்டடங்களால் அதன் காட்சி கெடும் என்பதற்காக 2004இல் ஆபத்திலுள்ள மரபுரிமைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உயரத்தைக் கட்டுப்படுத்த நகரம் முன்வந்த பின் 2006இல்தான் அதிலிருந்து நீங்கியது. தூரத்துக் காட்சியும் பாதுகாக்கப்பட வேண்டிய சொத்தே என்பதற்கு இது சான்று.

வடிவமைப்பாளரின் மேசையில் மெய்நிகர் கமரா ஒப்பற்ற ஆய்வுக் கருவி. அனுமதி கோரும் கோப்பில் அது சாட்சி; சாட்சி தான் நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும். கண்டியில் கட்டட அனுமதிக்கு வரும் ஒவ்வொரு படத்தின் கீழும் கமரா நின்ற இடம், தரையிலிருந்து அதன் உயரம், குவியத்தூரம் ஆகிய மூன்றையும் அச்சிடுவதை மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் கட்டாயமாக்க வேண்டும். வாவிக் கரையிலும் மலைப் பார்வையிடங்களிலும் சில இடங்களை நிரந்தரமாகக் குறித்து, எல்லாத் திட்டங்களையும் அங்கிருந்தே காட்டச் சொல்ல வேண்டும். எண்கள் ஏற்கெனவே மென்பொருளில் இருப்பதால் இதற்குப் புதிய செலவு பெரிதாக இல்லை.