9.2-க்கும் வழி உண்டு

போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தைப் புதிய பதிப்புக்கு ஏற்றும் பிஜி_அப்கிரேடு ஓடும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். வரிக்கு ஒரு சோதனை, கொஞ்சம் இடைவெளி, வலது ஓரத்தில் அடக்கமாக ஒரு ‘ஓகே’. பெரிய தரவுதளமாக இருந்தால் சில வரிகள் தயங்கும். அந்த நேரத்தில் சர்வர் விசிறியின் இரைச்சல்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் தோன்றும். வெறும் சோதனைக்கு மட்டும் ஓட்டினால், தரவில் கை வைக்காமல் பார்த்துச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும். அந்த மரியாதையே தனி.

மூலநிரலைத் திறந்தால் இன்னும் ருசி. 2012-இல் வந்த 9.2-இலிருந்துகூட இன்றைய பதிப்புக்கு நேராக ஏறலாம். அதற்காக, ‘பழையது எந்தப் பதிப்பு?’ என்ற கேள்வி அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது. 12-ஆம் பதிப்பில் நீக்கிவிட்ட நேர வகைகளை எவராவது இன்னும் அட்டவணையில் வைத்திருக்கிறாரா என்று தேடுகிறது. 9.6 வரையிலான ஹாஷ் இண்டெக்ஸ்கள் புதியதில் செல்லாது. திட்டாமல், அவற்றை மறுபடி கட்டும் கட்டளைகளைத் தானே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுகிறது. வீடு மாறும்போது பரண் பித்தளையையும் தட்டிப் பார்த்து எடுத்துவைக்கும் பாட்டியின் கை இது. 9.2-க்கான ஆதரவு 2017-இலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் இந்த ஏற்றம் போன்றவற்றைச் சோதிப்பதற்காக, அது இன்றைய கணினிகளிலும் கம்பைல் ஆகும்படி பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் கைதட்டாத வேலை. நன்றாக நடந்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.