பொலிஸ்காரனுக்கு வந்த மந்திரம்: 'ரிவர்ஸ் ஒஃப் லண்டன்' நாவல் குறித்து

மந்திரக் கதை என்று தெரிந்தால் நம்மில் சிலர் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்கள். "சிஹ்ருக் கதை எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பென் ஆரோனோவிச் 2011இல் எழுதிய 'ரிவர்ஸ் ஒஃப் லண்டன்' நாவலில் எனக்கு உறுத்தியது மந்திரத்தைவிட அதன் சிரிப்பு.

பீட்டர் கிராண்ட் இரண்டு வருடப் பயிற்சி முடியப் போகும் லண்டன் பொலிஸ்காரன். தாய் சியரா லியோனிலிருந்து வந்தவர். தகப்பன் ஜேஸ் இசைக் கலைஞர். கொவென்ட் கார்டனில் கொலை நடந்த இடத்தில் இரவுக் காவல் நிற்கிறான். கூட நின்ற லெஸ்லி மே கோப்பி வாங்கப் போன நேரம் பார்த்து ஓர் ஆவி வந்து, கொலையைத் தான் கண்டதாகச் சாட்சி சொல்கிறது. மௌத்தானவனின் வாக்குமூலத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது? இந்தத் தடுமாற்றத்தில்தான் நாவலின் நகைச்சுவை பிறக்கிறது.

நைட்டிங்கேல் என்ற அதிகாரி அவனைச் சீடனாக எடுக்கிறார். இப்படியான கதைகளில் நாயகன் ஒரே இரவில் பெரிய ஆளாகிவிடுவது வழமை. பீட்டருக்கோ உள்ளங்கையில் சின்ன வெளிச்சம் வரவழைக்கவே வாரக்கணக்கில் பயிற்சி வேண்டியிருக்கிறது. மந்திரம் பாவித்தால் கிட்ட இருக்கும் கைத்தொலைபேசி பழுதாகும். அளவு மீறினால் மூளையே பழுதாகும். எவ்வளவு தூரத்தில் எது கெடும் என்று அவன் பரிசோதித்துப் பார்க்கிறான். கிடைத்த ஆற்றலுக்குக் கட்டுப்பாடும் கணக்கும் வேண்டும் என்பதை உபதேசமில்லாமல் சொல்லும் இடங்கள் இவை.

1858 கோடையில் கழிவுநீரால் தேம்ஸ் நாறிப்போனது வரலாறு. அதோடு பழைய நதித் தந்தை நகரைக் கைவிட்டு மேற்கே போய்விட்டான் என்பது ஆரோனோவிச்சின் கற்பனை. வெறுமையான இடத்தைப் பின்னர் ஏற்றவள் நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெண். நதிக்குத் தெய்வம் கற்பிப்பது நமது அகீதாவுக்கு ஒத்துவராது. ஆனாலும் மண்ணுக்குரியவன் விட்டுப்போனதை வந்தவள் பொறுப்பெடுத்தாள் என்ற உருவகத்தை, 'வந்தான் வரத்தான்' என்ற பேச்சைக் கேட்டுப் பழகிய நாம் சும்மா கடந்துபோக ஏலாது.

இனி அந்தச் சிரிப்புக்கு வருவோம். கொலைகளுக்குப் பின்னால் இருப்பவன் மிஸ்டர் பன்ச். 1662 மே 9இல் கொவென்ட் கார்டனில் இத்தாலியப் பொம்மலாட்டம் பார்த்ததாக சாமுவேல் பீப்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதில் வந்த பொம்மையின் ஆங்கில வாரிசுதான் பன்ச். பிள்ளையைக் கொல்வான், பெண்சாதியை அடித்துக் கொல்வான், தூக்குப்போட வந்தவனையே தூக்கிலிடுவான், சனம் சிரிக்கும். நாவலில் அவனது ஆவி மனிதருக்குள் புகுந்து அவர்கள் முகத்தைத் தன் முகமாக்குகிறது. அது விலகும்போது முகம் சிதைந்துபோகிறது.

கடைசியில் அப்படி முகமிழப்பவள் லெஸ்லி. பீட்டரைவிடக் கெட்டிக்காரி. கொலை விசாரணைப் பிரிவு அவளுக்கும், கடதாசி வேலை பீட்டருக்கும் என்றுதான் முதலில் முடிவாகியிருந்தது. பீட்டரின் பகிடிகளில் அவளது மூளைக்குக் கிடைக்கும் இடத்தைவிட உடம்புக்குக் கிடைக்கும் இடம் அதிகம். பெண்சாதியை அடிக்கும் பொம்மையைப் பார்த்துச் சிரிப்பது கொடுமை என்று காட்டிய நாவல், தன் கதைசொல்லியின் சிரிப்பை மட்டும் விசாரணைக்கு எடுக்கவில்லை. லெஸ்லியின் இழப்பின் கனம் தொடரின் அடுத்த நாவல்களுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.

அந்தப் பின்வந்த நாவல்களில் ஆரோனோவிச் திருந்தியிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். சோமாலியப் பின்னணியுடைய, ஹிஜாப் அணிந்த சஹ்ரா குலீத் என்ற பொலிஸ் அதிகாரி அவற்றில் வருகிறாள். அவளது உடுப்பை வைத்து மலிவான பகிடி இல்லை. அவள்தான் மற்றவர்களைப் பகிடி பண்ணுகிறாள்.

ஆகவே, ஆங்கிலம் வாசிக்கும் நம் பிள்ளைகள் இந்நாவலைக் கையிலெடுத்தால் பறிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இந்த இடத்தில் சிரித்தாயே, அதற்கு விலை கொடுத்தது யார்?