சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும்

என் நாவல் ஒன்றைப் படித்த அன்பர் ஒருவர், “உங்கள் கதையில் இரண்டு கூட்டாளிகள் வருகிறார்கள்; ஒருவரே போதுமே!” என்று எழுதியிருந்தார். முதலில் கோபந்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து, அவர் சொன்னது உண்மை என்று பட்டது. ஒருவர் நினைத்ததையே மற்றவரும் நினைத்தார். ஒருவர் பேச்சையே மற்றவரும் பேசினார். ஒற்றுமையைக் காட்டுவதாக எண்ணிக்கொண்டு நான் ஓர் ஆளையே இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

அந்த வருத்தத்தோடுதான் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை மறுபடியும் கையில் எடுத்தேன். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அந்தத் தொடர்கதையின் நாயகன் எங்கள் பக்கத்துக்காரன். வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். ராணிப்பேட்டைக்கு அருகில் உள்ள திருவல்லத்துக் கோயிலில் அந்த வாணர்களின் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். ஆனால் இந்தத் தடவை நான் கவனித்தது அவனை மட்டுமல்ல, அவனையும் ஆழ்வார்க்கடியானையும் சேர்த்து.

இவர்களைவிடப் பொருந்தாத ஜோடி உண்டா? ஒருவன் குதிரை மேல் வருகிற வாலிபன். முன்பின் யோசிக்காமல் காரியத்தில் இறங்குவான். அகப்பட்டுக்கொண்டால் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லித் தப்புவான். மற்றவன் கையில் தடியும் முன்குடுமியுமாக நடந்தே ஊர் சுற்றும் வீர வைஷ்ணவன். சண்டை போடுவது போல் சத்தம் போட்டுக்கொண்டே நாலு பக்கமும் காது கொடுப்பான். வந்தியத்தேவன் குந்தவையின் ஓலையைச் சுமப்பவன்; ஆழ்வார்க்கடியான் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். வந்தியத்தேவன் சரித்திரத்தில் இருந்தவன். அவன் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் உண்டு. ஆழ்வார்க்கடியானோ முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. கற்பனைக்கு இப்படி ஒருவன் ஏன் தேவைப்பட்டான்? சிரிப்புக்காக என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை.

கடம்பூர் மாளிகையில் நடக்கும் நள்ளிரவுச் சதியை நினைத்துப் பாருங்கள். ஒருவன் விருந்தாளியாக உள்ளே படுத்திருந்து அதைக் காண்கிறான். மற்றவன் மதில் மேல் ஏறிக் காண்கிறான். பிறகு சந்திக்கும்போதும் ஒருவரிடம் ஒருவர் முழுவதையும் சொல்லிவிடுவதில்லை. சந்தேகம் இருந்துகொண்டே இருக்கிறது. அப்படியிருந்தும் ஈழத்துக் காட்டு வழியில் இளவரசர் அருள்மொழியைத் தேடி இருவரும் சேர்ந்தே போகிறார்கள். இவன் கொண்டுபோகும் ஓலை, ‘உடனே புறப்பட்டு வா’ என்கிறது. அவன் கொண்டுபோகும் செய்தியோ, ‘இப்போதைக்கு ஈழத்திலேயே இரு’ என்கிறது! இரண்டு பேருக்கும் வேண்டியது இளவரசரின் நலந்தான். இருவரும் ஒரே சுபாவக்காரர்களாக, ஒரே எஜமானிடமிருந்து வந்திருந்தால் இளவரசர் ஒரு குரலைத்தான் கேட்டிருப்பார். இப்போது இரண்டையும் கேட்டுத் தாமே முடிவு செய்ய வேண்டியவராகிறார்.

இதைப் படித்தபோது ஆம்பூர்த் தோல் ஷாப்பு ஒன்றில் வயதான மேஸ்திரி ஒருவர் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. குரோம் முறை பரவுவதற்கு முன் பட்டையில் தோல் பதனிட்டவர் அவர். “சுண்ணாம்பு தோலைத் தளர்த்தும் தம்பி, ஆவாரம்பட்டை இறுக்கும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. சுண்ணாம்பை நல்லாக் கழுவாமே பட்டையிலே போட்டா தோல் கருத்துப் போயிடும். ஆனா சுண்ணாம்பு தளர்த்தலேன்னா பட்டை உள்ளே இறங்காது” என்றார்.

கல்கிக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. இருவரையும் எப்போதும் ஒரே தொட்டியில் ஊறப் போடவில்லை. தனித்தனியே வேலை செய்ய விட்டு, வேண்டிய இடத்தில் சேர்க்கிறார். இருவர் குணத்தையும் கலந்து இருவரையும் நல்லவர்களாக்கிவிடும் சபலம் அவருக்கு வரவில்லை. எனக்கு வந்தது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இளவரசர் இருக்கிறார் என்று நம்பி வந்தியத்தேவன் ஒரு கப்பலில் ஏறி எதிரிகளிடம் அகப்பட்டுக்கொள்கிறான். அவனைக் காப்பாற்ற இளவரசரே கடலில் இறங்க வேண்டி வருகிறது. அவசரத்துக்கு விலை உண்டு என்று காட்டிய அருமையான இடம் அது. ஆனால் வேறு பல இடங்களில் அவனைத் தற்செயல் வந்து காப்பாற்றிவிடுகிறது. தற்செயல் இவ்வளவு தாராளமாக உதவினால், பக்கத்தில் ஒரு நிதானக்காரன் எதற்கு? தொடர்கதை வாராவாரம் கேட்கும் விலை இது போலும்.

ஆனாலும் அந்த இருவரில் ஒருவரை எடுத்துவிட்டுக் கதையை நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் நாவலில் ஒருவரை எடுத்துவிடலாம் என்று அந்த அன்பர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அடுத்த நாவலை முடித்து, அதையே அனுப்பலாம் என்றிருக்கிறேன்.