உள்ளங்கைச் சட்டி

பருப்பு கடையும் விளையாட்டுக்கு அடுப்பு வேண்டாம். குழந்தையின் உள்ளங்கை போதும். அதில் பாட்டியின் முழங்கை மத்தாகச் சுழலும். கடைந்ததும் பந்தி. ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய். யார் யாருக்கு என்பது வீட்டுக்கு வீடு மாறும். மிட்டாய் வாங்கித் தராத சித்தப்பாவைப் பட்டினி போடும் பிள்ளைகளும் உண்டு.

பிறகுதான் நண்டும் நரியும் புறப்படும். பாட்டியின் இரண்டு விரல்கள் மணிக்கட்டில் மெல்ல ஏறி, முழங்கை மடிப்பில் நின்று மூச்சு வாங்கும். எனக்குப் பிடித்தது இந்த நிறுத்தம்தான். போய்ச் சேருமிடம் அக்குள் என்பது குழந்தைக்குத் தெரியும். நூறு முறை கேட்ட கதை. ஆனாலும் விரல் அசையுமுன்பே தோளை ஒடுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடும். கிச்சுகிச்சு ஓய்ந்ததும் மற்றக் கையை நீட்டும்.