பல்பு மாற்றப் பம்பரைக் கழற்ற வேண்டுமா?

சென்ற தை மாத அறுவடையின்போது நடந்தது இது. கீழ்வேளூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப் வண்டி, நெல் மூட்டைகளைக் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்திற்கு ஏற்றிச் செல்வதில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாலை அதன் இடப்பக்க முகப்பு விளக்கு எரியவில்லை. புதுப் பல்பு வாங்கிவரப் பத்து நிமிடம் ஆயிற்று. அதைப் பொருத்த இரண்டு மணி நேரம் ஆயிற்று! பாட்டரியை வெளியே எடுத்த பின்னும் விளக்கின் பின்புறத்தில் கை நுழையவில்லை. முடிவில் பம்பரையும் கழற்ற நேர்ந்தது. டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம், "பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறீர்களே சார், இப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஏதாவது விதி இருக்கிறதா?" என்று அவர் கேட்டார்.

அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண முயல்வோம்.

இத்தகைய வண்டிகள் பலவற்றில் 'எச்-4' என்னும் ஹாலஜன் பல்பு உள்ளது. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என அதில் இரண்டு டங்ஸ்டன் இழைகள் உண்டு. ஒளிரும் இழை சிறிது சிறிதாக ஆவியாகும். என்றாவது ஒருநாள் அறுந்தே தீரும். மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். வாய்க்கால் கரைச் சாலையின் குலுக்கலும் சேர்ந்தால் கேட்பானேன்? ஆகவே பல்பு என்பது வண்டியின் ஆயுளில் பலமுறை மாற்ற வேண்டிய பொருள். மாற்ற வேண்டிய பொருளைக் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது வடிவமைப்பின் முதற்குறை.

இதனால் நேரம் மட்டுமா வீணாகிறது? இடுக்கில் கண்ணால் பார்க்காமல் பல்பைச் சொருகும்போது விரல் அதன் குவார்ட்ஸ் குமிழில் படும். விரலின் எண்ணெய்ப் பசை, பல நூறு டிகிரி வெப்பத்தில் குமிழின்மேல் கருகிப் படியும். அந்த இடம் அதிகமாகச் சூடேறிக் குவார்ட்ஸ் மங்கும், விரிசலும் விடலாம். புதுப் பல்பும் விரைவில் கெடும். மறுபடியும் பம்பரைக் கழற்ற வேண்டியதுதான்!

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. விளக்கின் எதிரொளிப்பான் பரவளைய வடிவமுடையது என்றும், அதன் குவியத் தொலைவு 25 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். பல்பின் பிடிப்புக் கம்பி சரியாக விழாமல் இழை 1 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டால், ஒளிக்கற்றை ஏறத்தாழ 1/25 ரேடியன், அதாவது 2.3 டிகிரி மேல்நோக்கித் திரும்பும். 25 மீட்டர் தொலைவில் அது ஒரு மீட்டர் உயர்ந்துவிடும். எதிரே சைக்கிளில் வருபவரின் கண் கூசும். ஒருபக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல் என்ற சாலையில் அவர் எங்கே ஒதுங்குவார்? இரவில் ஒற்றை விளக்குடன் ஓடும் வண்டியோ, தொலைவில் மோட்டார் சைக்கிள் போலத் தோன்றி ஏமாற்றும்.

பழைய முறை வேறாக இருந்தது. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் காரில் விளக்கின் முன்வளையத்தைக் கழற்றினால் விளக்கு முன்புறமாகவே வெளியே வரும். ஒரு திருப்புளி போதும். அமெரிக்காவில் 1940 முதல் 7 அங்குல வட்ட விளக்கு பொது அளவாயிற்று. எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் அது பொருந்தும்.

வண்டி செய்வோர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புகையைக் குறைக்கும் கருவிகளும் குளிர்சாதனமும் பானட்டுக்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. காற்றுத் தடையைக் குறைக்க முகப்பின் வடிவமும் மாறியது. ஆனால் ஒரு சிறு மூடியும் கை நுழையும் வழியும் அமைப்பதற்கு இவை தடையாகா. எல்.இ.டி. விளக்குகள் நெடுங்காலம் உழைப்பவை என்பது உண்மையே. எனினும் அவற்றுள் பலவற்றில், கெட்டால் விளக்குத் தொகுதி முழுவதையுமே மாற்ற வேண்டும்.

நண்பர் கேட்ட விதியும் இருக்கிறது! பல்பை மாற்ற வல்லுநரின் உதவியோ, வண்டியுடன் தரப்படாத தனிக் கருவிகளோ தேவைப்படலாகாது என்கிறது ஐக்கிய நாடுகளின் வண்டி விளக்கு விதி எண் 48. பம்பரைக் கழற்றலாகாது என்று அது வெளிப்படையாகக் கூறவில்லை; ஆயினும் அதன் கருத்து தெளிவானது. நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. அதில் மோட்டார் வண்டித் துறையும் அடங்கும்.

உங்கள் வீட்டில் வண்டி வாங்கும்போது நிறத்தையும் விலையையும் மட்டும் பாராதீர்கள். பானட்டைத் திறந்து, பல்பு இருக்கும் இடத்திற்குக் கை எட்டுகிறதா என்றும் பாருங்கள். எட்டாவிட்டால் ஏன் என்று விற்பவரைக் கேளுங்கள். நாளை பொறியாளராகப் போகும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நீங்கள் வரையும் படத்தில் எந்திரத்தின் உறுப்புகளுக்கு இடம் ஒதுக்கும்போது, அதைப் பழுதுபார்க்கும் மனிதனின் கைக்கும் சிறிது இடம் விடுங்கள்.